நான்கு மூலையிலும் ஒரே புள்ளி

1

இந்தக் கதை ஏணி இரவல் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது, வாழ்வின் ஆழத்திலிருந்து முத்தெடுத்தேன் என்கிற தொனியில் நான் பேச ஆரம்பித்தால் நம்பாதீர்கள். என் வீட்டுக் குளியலறையில் பல்பு போய்விட்டது. அண்ணன் வீட்டில் மடக்கு ஏணி இருக்கிறது. ஏணியை வாங்கி, கூடவே ஒரு காபியும் குடித்துவிட்டு வருவதாக உத்தேசம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணி யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்னதான் வேணும்? கிட்ட இருந்தா நல்லா இருக்கே, கொஞ்சம் தள்ளிப் போனதும் ஏன் இப்படி இழுத்துக்கற?"

அண்ணனைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் புகுந்து ஏணி கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. மெல்ல எட்டிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். கூடத்து ஜன்னலோரம் மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி, மூடி திறந்து கிடந்தது. அண்ணி அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, கோட்டுப் பொத்தான் அளவு இருந்த ஒரு வட்டக் கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளிச் சக்கர நாற்காலியில் அப்பா உட்கார்ந்து, விளையாட்டுப் போட்டி பார்ப்பவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைத் திட்டுகிற ஒருவரைப் பார்த்த பிறகு எந்த எழுத்தாளன் பல்பு மாட்டப் போவான்?

2

தொடக்கங்கள். போட்டதும் கிழித்ததும்.

"ஒளி எப்போதும் நேர்க்கோட்டில்தான் செல்லும். மனிதர்கள்தான்—"

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

"பேச்சிழந்த அந்த முதியவரின் கண்களில் சொல்லப்படாத ஆயிரம்—"

(இதுவும் வேண்டாம். அப்பாவின் கண்களில் பெரும்பாலும் இருப்பது எரிச்சல். அது தாராளமாகச் சொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.)

சரி, நடந்ததை அப்படியே சொல்கிறேன். அப்பா ஒரு கல்லூரி விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கீழ்த்தளத்தில் நின்று ஒரு அதட்டல் போட்டால் மேல்மாடியில் சீட்டாடுகிறவர்கள் போர்வைக்குள் பாய்வார்கள். பக்கவாதம் வந்ததில் அவருடைய நாக்கும் உதடும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார், படித்ததற்கு முகம் சுளிக்கிறார். ஏன் சுளித்தார் என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையில் எழுத்துகள் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். விரலை எழுத்தின்மேல் வைத்துக் காட்ட வேண்டும். அப்பாவின் விரல் நடுங்கும். ஓர் எழுத்தில் வைக்கப் போனால் வழுக்கிக்கொண்டு பக்கத்து எழுத்தில் போய் நிற்கும். நாங்கள் சும்மா இருந்தோமா? உதவினோம். "தண்ணியா? தலைவலியா? தலகாணியா?" என்று மூன்று பக்கத்திலிருந்தும் கேட்டோம். ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொள்வார். போனிலும் முயன்று பார்த்தோம். அவர் ஒரு எழுத்தைத் தொடுவதற்குள் திரை ஒரு வரியே எழுதிவிட்டது. ஒருநாள் அட்டையைத் தள்ளிவிட்டவர், அதற்கப்புறம் அதைத் தொடவேயில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். காபி வேணுமா? ஆட்டல். வேண்டாமா? அதற்கும் ஆட்டல்.

அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் ஒரு பெரிய விஷயத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் அறை ஒன்று காலியாகியிருந்தது. வார இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அங்க போறீங்களாப்பா?" என்று அண்ணன் கேட்டான். அப்பா தலையாட்டினார்.

"இங்கயே இருக்கீங்களா மாமா?" என்று அண்ணி கேட்டார். அதற்கும் ஆட்டினார்.

"இதை நான் பதில்னு எடுத்துக்க மாட்டேன்" என்றார் அண்ணி. அந்த வாக்கியத்துக்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

3

அண்ணி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். மருத்துவர்களின் கையெழுத்தைப் படிக்கப் பழகியவருக்கு உலகத்தில் வேறு எதுவும் கஷ்டமாக இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லேசர் மெஷின் அந்த எண்ணத்தை மாற்றியது.

அவர் போட்ட திட்டம் எளியது. கெட்டியான அக்ரிலிக் தகட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துளை வெட்ட வேண்டும். அதை எழுத்து அட்டையின்மேல் வைத்துவிட்டால், விரல் எவ்வளவு நடுங்கினாலும் துளைக்குள் விழுந்து நிற்கும், பக்கத்து எழுத்துக்கு வழுக்காது. மேலே உயிரெழுத்துகள், கீழே மெய். மகரத்தைத் தொட்டு ஆகாரத்தைத் தொட்டால் 'மா'. பொறுமை வேண்டும், ஆனால் சொல்லிவிடலாம். தெருக்கோடியில் பரிசுப்பொருள் கடை ஒன்றை மூடியபோது, அங்கே மூலையில் கிடந்த, பலகை வெட்டுகிற சின்ன லேசர் மெஷினை அண்ணி கேட்டு வாங்கிவந்தார். கூடவே அக்ரிலிக் பலகையும் ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதில் தப்பு பண்ணினால் மாற்றுக்கு வேறு இல்லை. அதனால் ஒத்திகை எல்லாம் ப்ளைவுட்டில்.

மெஷினை அண்ணனின் பள்ளி வேனில்தான் ஏற்றிவந்தார்கள். வந்து சேர்ந்தபோது உள்ளே எல்லாக் கண்ணாடிகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வேன் குலுங்கினதால்தான் என்று அண்ணி சொன்னதில் அண்ணனுக்கு இன்றைக்கும் வருத்தம். "பிள்ளைங்களே தூங்கிடும் நான் ஓட்டினா. கண்ணாடி என்ன பெரிய கண்ணாடி" என்கிறான்.

மெஷினின் உள்விவகாரம் இது. பின்பக்கம் ஒரு நீளமான குழாய். அதிலிருந்து கதிர் கிளம்பும். முதல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டத்தோடு முன்னும் பின்னும் போய்வருகிற இரண்டாவது கண்ணாடியில் பட்டு மறுபடி திரும்பும். அந்தச் சட்டத்தின்மேல் இடமும் வலமும் ஓடுகிற பாகத்துக்குத் தலை என்று பெயர். தலைக்குள் மூன்றாவது கண்ணாடி. அதில் பட்டுக் கீழே இறங்கி, லென்ஸ் வழியாக ஊசிமுனையாகக் குவிந்து, வெட்டும்.

(இங்கே வழி தவறியவர்களுக்கு: வாசலில் நுழைந்து, முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம், அப்புறம் படியிறங்கினால் சமையலறை. அவ்வளவுதான். இனி இதைவிடக் கஷ்டமாக எதுவும் வராது.)

கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பறித்துவிடும். மூடியை மூடினால்தான் பட்டன் வேலை செய்யும். அப்படியும் அண்ணி தானும் காப்புக் கண்ணாடி போட்டு, அப்பாவுக்கும் மாட்டிவிடுவார். கதிர் எங்கே படுகிறது என்று பார்க்க, கண்ணாடிக்கு முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, பட்டனை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். டேப்பில் பழுப்பாக ஒரு புள்ளி கருகும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற குட்டித் திருகுகளைத் திருப்பினால் புள்ளி நகரும்.

என் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "திருகைத் திருப்பித் திருப்பி, கடைசியில் புள்ளியைக் கண்ணாடியின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை."

அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். 'நட்டநடுவில்' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"இதைத்தான் தம்பி நானும் முதல்ல பண்ணிட்டிருந்தேன். நீங்க வந்து நின்னீங்களே, அன்னைக்கு. முட்டாள்தனம்."

"நடுவுல விழ வேண்டாமா?"

"விழணும், ஆனா அது கடைசியில. சட்டத்தைக் கிட்ட வெச்சு ஒரு தட்டு. அப்புறம் சட்டத்தைத் தூரத் தள்ளிட்டு இன்னொரு தட்டு. ரெண்டு புள்ளியும் ஒரே இடத்துல விழுதான்னுதான் பாக்கணும். ஓரமா விழுந்தாலும் பரவாயில்ல, ஒரே இடமா விழணும். கிட்ட நடுவுல விழுந்து தூரத்துல ஓடிப்போனா என்ன பிரயோஜனம்?"

"அப்போ நடுவு?"

"ரெண்டும் ஒண்ணா விழுந்ததுக்கப்புறம் குழாயையே மொத்தமா நகர்த்தணும். திருகைத் தொடக்கூடாது. திருகு திசைக்கு மட்டும்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதையின் தொடக்கமும் முடிவும்... என்று நான் வாயெடுப்பதற்குள் அண்ணி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதை வெச்சு ஏதாவது தத்துவம் எழுதினீங்க, அப்புறம் காபி கிடையாது."

அதனால் எழுதவில்லை. இந்தக் கதையில் கண்ணாடி என்றால் கண்ணாடிதான். வேறு அர்த்தம் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம்.

4

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் அண்ணன்மேல்.

முதல் வரைவில் அவன் கல்நெஞ்சுக்காரன். மனைவி மாமனாருக்காக மெஷினோடு மல்லுக்கட்டுகிறாள், பெற்ற மகனோ அப்பாவை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடத் துடிக்கிறான். கதைக்கு இது வசதி. ஒரு பக்கம் நல்லவர், ஒரு பக்கம் கெட்டவர், நடுவில் நான் மனசாட்சியாக. அவனுக்கு ஒரு வசனமும் எழுதிக்கொடுத்திருந்தேன்: "எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு!" அண்ணன் தன் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. அது தொலைக்காட்சித் தொடரில் யாரோ பேசியது, என் பேனாவில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் உண்மையில் பேசியது வேறு. வெந்நீர்ப் பையை இடுப்புக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். அந்த இல்லத்தைப் பற்றி நான் கொஞ்சம் காரமாக ஏதோ சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை.

"நீ வர்ற, அப்பா பக்கத்துல உக்கார்ற, காபி குடிக்கிற, போயிடற. தப்பு சொல்லலடா. ஆனா கட்டில்லேர்ந்து நாற்காலிக்கும் நாற்காலிலேர்ந்து கட்டிலுக்கும் தூக்குறது நான். போன வாரம் தூக்கறப்ப என் முதுகு பிடிச்சுக்கிச்சு. அவரைக் கீழ போட்டிருப்பேன். அன்னைக்கு அவர் கண்ணுல பயம் பாத்தேன். எங்கப்பா என்னைப் பாத்துப் பயந்தாரு."

வேன் ஓட்டுகிற முதுகு அது. பகலெல்லாம் இருக்கையில் குலுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஓர் ஆளைத் தூக்குகிற முதுகு.

வசனத்தைக் கிழித்துவிட்டேன். கெட்டவன் இல்லாமல் கதை நிற்குமா என்று கொஞ்ச நேரம் பயமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அண்ணி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பா சொன்னால்தான் தெரியும்.

5

வியாழக்கிழமைக்குள் அண்ணி மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்துவிட்டார். தலையில் கதிர் நுழைகிற வாயில் டேப் ஒட்டி, நான்கு மூலைக்கும் தலையைக் கொண்டுபோய் நிறுத்தி, மூலைக்கு ஒரு தட்டு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, டேப்பில் ஒரே ஒரு ஓட்டை. எடுத்து எனக்குக் காட்டினார். நான் கைதட்டினேன். அப்பாகூடப் புருவத்தை உயர்த்தினார். அது அவர் அகராதியில் பெரிய பாராட்டு.

பிறகு ப்ளைவுட்டை வைத்து ஒத்திகை வெட்டு. புகை ஜன்னல் வழியாக வெளியேற, பெட்டியின் பின்னாலிருந்த ஃபேன் இரைந்தது. வெட்டி முடித்ததும் பலகையைத் தூக்கினால், வெட்டிய வட்டங்கள் தட்டில் உதிரும் சில்லறைபோலப் பொலபொலவென்று விழுந்தன. முன்பக்க வலது மூலையில் மட்டும் விழவில்லை. அண்ணி கட்டைவிரலால் அழுத்தினார். படக்கென்று சிலாம்பு சிலாம்பாகப் பிளந்தது.

கதிர் போக வேண்டிய தூரம் அங்கேதான் அதிகம். தகட்டில் கடைசி எழுத்துகள் வருகிற இடமும் அது.

"அந்த மூலை இல்லாம ஒப்பேத்தலாமே, எப்பவாவது வர்ற எழுத்துதானே?" என்றேன்.

"னகரம் தம்பி அங்க. 'நான்'னு எப்படிச் சொல்லுவாரு?"

மறுபடியும் டேப். மறுபடியும் நான்கு மூலையிலும் ஒரே ஓட்டை. மறுபடியும் வெட்டு. மறுபடியும் அந்த மூலை வரவில்லை. கண்ணாடிகளைத் துடைத்தார், லென்ஸைத் துடைத்தார், வேகத்தைக் குறைத்தார். குறைத்தால் மற்ற மூலைகள் கருகின, இந்த மூலை அப்போதும் அசையவில்லை. டேப்பில் சரி, வெட்டில் தப்பு. பார்த்தால் ஒழுங்கு, திரும்பினால் குறும்பு என்று நடந்துகொண்டது மெஷின்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி காப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதார். "எனக்கு வரல மாமா. மன்னிச்சுக்குங்க" என்றார். அப்பா தலையாட்டவில்லை. நடுங்கும் கையை அவர் தலைமேல் வைத்தார்.

எனக்கும் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

6

அப்போதுதான் அப்பாவின் விரல் உயர்ந்தது. அது காற்றில் நடுங்கியபடி அண்ணியின் இடது கையைக் காட்டியது. யாருக்கும் புரியவில்லை. அப்பா மறுபடியும் காட்டினார். வாரம் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தோம். அவர் அண்ணியைப் பார்த்திருந்தார். பேசாத அந்த விரல், பேசும் எங்களுக்கெல்லாம்—

பொய். இது நடக்கவில்லை.

நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். அண்ணியிடம் காட்டியபோது அவர் சிரித்தேவிட்டார்.

"என் தலையில கை வெச்ச கொஞ்ச நேரத்துலயே மாமா தூங்கிட்டாரு தம்பி. குறட்டைச் சத்தம் உங்களுக்கு ஞாபகமில்லையா?"

"கதைக்கு நல்லா இருக்கே அண்ணி."

"நல்லாதான் இருக்கு. உங்க அண்ணன் கண்டுபிடிச்சதை அவர்கிட்டேர்ந்து பிடுங்காதீங்க."

7

நடந்தது இது. சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு.

அண்ணி ராத்திரி தூங்கி எழுந்து, முகம் கழுவி, மறுபடியும் மெஷின் முன்னால் நின்றார். இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதி அவரைப் புகழலாம். வேண்டாம், ஒரு வரி போதும்: அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மெஷினை ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன். அவர் தலையின் வாயில் புது டேப் ஒட்டினார். தலையைப் பின்மூலையில் நிறுத்தி ஒரு தட்டு. புள்ளி விழுந்தது. வம்பு பண்ணுகிற முன்மூலைக்குக் கொண்டுவந்து மூடியைச் சாத்தினார். அதற்குள் கையில் எடுத்துவைத்திருந்த லென்ஸின் ஓரத்தில் ஒரு கறை கண்ணில் பட, பஞ்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கையிலும் வேலை.

அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான்.

"ஏங்க, அந்தப் பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்களேன்."

அண்ணன் காப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பு பெல்ட்டோடு குனிய முடியாமல் மெஷினின் வலது பக்கமாகப் போய் நட்டுவைத்த மரம்போல நின்று, விரலை மட்டும் நீட்டித் தட்டினான். அண்ணி மூடியைத் திறந்தார். டேப்பில் இரண்டு புள்ளிகள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தள்ளித் தள்ளி.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே!"

"சட்டத்தை இடிச்சீங்களா?"

"நான் எதையும் தொடலம்மா. தட்டச் சொன்ன, தட்டினேன். இந்த வீட்டுல எது நடந்தாலும் என் தலையில—"

அண்ணி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தானே போய்த் தட்டினார். புள்ளி பழைய இடத்தில், முதல் புள்ளியின்மேலேயே விழுந்தது. "நீங்க தட்டுங்க" என்றார். தள்ளி விழுந்தது. தான் தட்டினார். ஒட்டி விழுந்தது. அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. ஏதோ தன் கையில்தான் கோளாறு என்பதுபோல விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"நீங்க ஒண்ணும் பண்ணல" என்றார் அண்ணி மெதுவாக.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"இல்லங்க, அதான் விஷயமே. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் என்னமோ பண்ணிட்டிருக்கேன்."

மறுபடியும் தட்டப் போனவர், தட்டாமல் அப்படியே உறைந்து நின்றார். வலது கை பட்டன்மேல் இருந்தது. இடது கை பெட்டியின் முன்மூலையில் ஊன்றியிருந்தது. எட்டிப் பட்டனைத் தட்டும்போது அங்கே சாய்ந்துகொள்வது அவருக்குப் பழக்கம். வாரம் முழுக்க, ஒவ்வொரு தட்டுக்கும், அவர் உடம்புப் பாரம் அந்த மூலையில் இருந்திருக்கிறது. கையை எடுத்தார். பெட்டி மிக லேசாக, மூச்சு விடுவதுபோல, எழும்பியது. வைத்தார், அமுங்கியது.

மேஜை சமமில்லை. பெட்டியின் ஒரு கால் மேஜையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. மெல்லிய தகரம், அவர் சாய்ந்ததும் முறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சட்டமும் கண்ணாடியும் அதோடு சேர்ந்து சாய்ந்திருக்கின்றன. தான் சாய்ந்திருக்கும்போது எல்லாம் நேராக இருக்கும்படி, அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு திறமையாக அவர் நேராக்கியிருக்கிறார். வெட்டும்போது யாரும் சாய்வதில்லையே.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அண்ணனும் சிரித்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. முதுகு வளைந்திருந்தால் அவனும் குனிந்து சாய்ந்திருப்பான். அப்பாவைத் தூக்கித் தூக்கிப் போன முதுகு அது.

(இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அழிக்கலாமா என்று யோசித்தேன். ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நானே புனைந்த மாதிரி. ஆனால் நடந்தது அதுதான். விட்டுவிடுகிறேன்.)

8

அடுத்து அண்ணி செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு எங்கேயோ போய்விட்டது, மேலே.

காலுக்கடியில் எதையாவது சொருகிவிட்டு, கோணலாகப் போன ஒரு கண்ணாடியை மட்டும் லேசாகத் திருப்பிச் சமாளிக்கலாம். அண்ணன் அதைத்தான் சொன்னான். நேரமும் இல்லை, மறுநாள் அந்த இல்லத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அண்ணி கேட்கவில்லை. பெட்டியின் கால்களுக்கடியில் காகிதத் துண்டை நுழைத்து நுழைத்துப் பார்த்து, எந்தக் காலிலும் காகிதம் நுழையாதபடி ஓட்டுத் துண்டை வைத்துச் சமன் செய்தார். அப்புறம், ஒரு வாரமாகத் தான் நேராக்கியிருந்த மூன்று கண்ணாடிகளின் திருகுகளையும் தன் கையாலேயே தளர்த்தினார்.

"எல்லாத்தையுமா?" என்றான் அண்ணன்.

"எல்லாமே நான் சாய்ஞ்ச கணக்குல வெச்சதுங்க. ஒண்ணை மட்டும் எப்படி நம்புறது?"

முதல் கண்ணாடியிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்த முறை தட்டும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கிட்ட ஒரு தட்டு, தூர ஒரு தட்டு. கை பழகியிருந்ததால் சீக்கிரமே வந்தது. திருகைப் பூட்டுகிற நட்டை இறுக்கும்போது கண்ணாடி மயிரிழை நகரும் என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மயிரிழையை முன்கூட்டியே விட்டுவைத்து இறுக்கினார். அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

கடைசியாகத் தலை. கதிர் தலைக்குள் நுழைந்தால் போதாது, செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் துளையின் சுவரும் சாய்ந்துபோகும், விரல் உரசும். தலைக்குக் கீழே டேப்பை உயரத்தில் வைத்து ஒரு தட்டு, தாழ்த்தி வைத்து ஒரு தட்டு. இரண்டும் ஒன்றாக விழும்வரை, தலையைத் தாங்குகிற தகட்டுக்குப் பின்னால் மெல்லிய வாஷர்களைச் செருகி நிமிர்த்தினார். லென்ஸை, மேடான பக்கம் மேலே இருக்கும்படி, திரும்ப மாட்டினார்.

நன்றாக வந்த ஒன்றை, தப்பான காரணத்தால் நன்றாக வந்தது என்று தெரிந்ததும் கலைக்கிற மனசு எல்லாருக்கும் இருக்காது. எனக்கு இல்லை. ஆறாம் பகுதியில் அந்தப் பொய்யான பத்தியை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

ப்ளைவுட் வைத்து ஒரு வெட்டு. பலகையைத் தூக்கினார். எல்லா வட்டங்களும் விழுந்தன, அந்த மூலை உட்பட. அண்ணன் குனிய முடியாமல் குனிந்து ஒரு வட்டத்தை எடுத்து, மருந்து மாத்திரையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அண்ணி அந்த ஒரே அக்ரிலிக் பலகையை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினார்.

9

ஞாயிறு காலை. தகட்டை அட்டையின்மேல் பொருத்தி அப்பாவின் மடியில் வைத்தோம். அவர் சந்தேகமாகப் பார்த்தார். விரலை நீட்டினார், நடுங்கியது, விளிம்பில் தட்டியது, துளைக்குள் விழுந்து நின்றது. எடுத்தார். இன்னொரு துளையில் விட்டுப் பார்த்தார். விளிம்புகள் வழவழவென்று இருந்தன. சுளிப்பதற்கு எதுவும் கிடைக்காத முகத்தோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

வ. இ. ச.

"விச்..." என்று அண்ணி கூட்டிப் படித்தார்.

"விசுவாசமா?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். மருமகளைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா விடுதிக் காலத்துப் பார்வை ஒன்றை என்மேல் வீசிவிட்டுத் தொடர்ந்தார். இ. ற. இ. 'விசிறி.' அப்புறம் இன்னும் கொஞ்சம். முழுதாகச் சேர்த்தால்: விசிறியை நிறுத்து.

ஜன்னலோரம் அந்தப் புகை ஃபேன் முந்தின நாளிலிருந்து இரைந்துகொண்டே இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவேயில்லை. வியாழக்கிழமையிலிருந்தே அதன் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். அண்ணன் ஓடிப்போய் அணைத்தான். அந்த அமைதியில் அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேராக உட்கார்ந்தான்.

"அப்பா, அந்த இல்லத்துல இன்னைக்குப் பதில் கேப்பாங்க. அங்க போறீங்களா, இங்க எங்களோட இருக்கீங்களா? எதுன்னாலும் சரி. தலையாட்ட வேண்டாம். சொல்லுங்க."

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அப்பா இங்கேயே இருக்கிறேன் என்கிறார், அண்ணன் அவர் மடியில் முகம் புதைக்கிறான். இன்னொன்றில், உன் முதுகு முக்கியம், நான் போகிறேன் என்கிறார். அதில் எல்லாருமே அழுகிறோம். மூன்றாவதில் இரண்டும் இல்லாமல் நாங்கள் யாருமே நினைக்காத ஒரு யோசனை சொல்கிறார், அது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. மூன்றையும் அண்ணியிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"மூணுமே நல்லா இருக்கு தம்பி. ஆனா அவர் பேச வேண்டியதை மறுபடியும் நாமதானே பேசறோம்?"

மூன்றையும் கிழித்துவிட்டேன். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், அந்த அறையில்தான் இருந்தேன். சொல்ல மாட்டேன். அது அவர் சொல்லிய பதில். அதை என் வாயால் சொல்லிக் கதையை முடித்தால், அவ்வளவு பாடுபட்டு அந்தத் தகட்டை வெட்டியதற்கே அர்த்தமில்லை. என்னால் தர முடிந்தது அதற்கு முந்தைய நொடி மட்டும்.

அப்பாவின் விரல் தகட்டின்மேல் கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு ஒரு துளைக்குள் இறங்கி நின்றது. முதல் எழுத்து. அதைப் பார்த்ததுமே மீதியைத் தெரிந்துகொண்டவனாக அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் தோளில் கை வைத்தார்.

"பொறுங்க. அவரே சொல்லி முடிக்கட்டும்."

விரல் வெளியே வந்து அடுத்த துளையைத் தேடிப் புறப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை.